ஏழே முக்கால் மஃரிப்

லிங்கரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு நிம்மதி என்பது ஒரு பிழைச் செய்திக்கும் அடுத்ததுக்கும் நடுவில் குடிக்கிற டீ மட்டும்தான். இதே பாவத்தைச் செய்துகொண்டிருக்கும் சக ஜீவன்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நிரலைத் துண்டு துண்டாக எழுதுகிறோம். துண்டுகளைக் கோத்துக் கொடுப்பது லிங்கர். ஒன்று குறைந்தாலும் கத்தும். பல நிரல்கள் பொதுவாக எடுத்துப் புழங்குகிற துண்டு ஷேர்டு லைப்ரரி. அதைக் கட்டும்போது கூடுதலாகக் கத்தும். நான் இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. நாற்பது வயதில் தூக்கம் போனது. விழித்துக் கிடந்த ராத்திரிகளில் நானே படித்துக்கொண்டேன். இப்போது வண்ணார்பேட்டையில் ராத்திரி வேலை, பகல் தூக்கம்.

போன வருஷம் மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் காட்டும் மின் பலகை செய்யும் வேலை வந்தது. செயலாளர் காதர் பாய், கையால் எண் மாட்டும் பழைய பலகையை முன்கூட்டியே கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். முதல் நோன்பைப் புதுப் பலகையைப் பார்த்துத்தான் திறப்போம் என்று தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார். நோன்புக்கு நாலு நாள்தான் இருந்தது.

இடம் மாறாத மருமகன்

சூரியக் கணக்கை எழுதியது பாயின் தங்கை மகன். துபாயில் இருக்கிறார். அங்கே அறைக்குப் பக்கத்துப் பள்ளிக்காக என்றோ எழுதியது. அவர் அனுப்பிய துண்டை லைப்ரரிக்குள் சேர்க்கப் போனால், ‘-fPIC போட்டு மறுபடி கம்பைல் செய்’ என்று லிங்கர் விரட்டியது. நினைவகத்தில் எந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாலும் ஓடுகிற மாதிரி அதைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

பகல் பதினோரு மணிக்கு, அதாவது என்னுடைய நடுச்சாமத்தில், பாய் போன் செய்தார். “உங்க மருமவன் எழுதுனது ஒரே இடத்துலதான் உக்காருவேன்னு நிக்குது, பாய்” என்றேன். பாய் சொன்னார்: “அவன் பத்து வருசத்துல ஒம்பது ரூம் மாறிட்டான். அவன் எழுதுனதுதான் எடம் மாறாதாக்கும்?”

வீட்டில் விட்டுவந்த கணக்கு

மருமகன் சரிசெய்து அனுப்பினார். கூடவே, ‘மாதிரிக்கு’ என்று துபாயில் ஓடுகிற தன் லைப்ரரியையும் அனுப்பியிருந்தார், என் லைப்ரரிக்கு நான் வைத்திருந்த அதே பெயரில். அவருடையதும் என்னுடையதும் என் கணினியில் அடுத்தடுத்த ஃபோல்டரில் உட்கார்ந்தன. இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

என் லைப்ரரி ஒரு முனகல் இல்லாமல் கட்டி முடிந்தது. பலகையில் ஓட்டினால், கோணக் கணக்குக்கு வேண்டிய ‘sin’ எங்கே என்று கேட்டது. ஷேர்டு லைப்ரரியின் குணம் அது. கட்டும்போது குறையைச் சொல்லாது, “எவனாவது கொண்டுவருவான்” என்று இருந்துவிடும். ஓடும்போதுதான் சண்டை பிடிக்கும். கணித லைப்ரரியைச் சேர்க்க மறந்திருந்தேன், ‘-lm’ என்று மூன்றே எழுத்து. பாயிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னது: “சூரியனுக்கே கணக்குப் போட வந்துட்டு, கணக்க வீட்ல விட்டுட்டு வந்திருக்கியளே அண்ணாச்சி!”

கண்ணெதிரே இருக்கிறது

அடுத்து, ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்றது. கோப்பு கண்ணெதிரே கிடக்கிறது! ஓடும் நேரத்தில் தனக்குத் தெரிந்த நாலு இடத்தில் மட்டும்தான் தேடும். புதிதாகக் கட்டியதை நான் வேறெங்கோ வைத்திருந்தேன். விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் லைப்ரரியை எடுத்து, அது தேடுகிற இடத்தில் போட்டேன். கத்தல் நின்றது. பலகையை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, “இருக்கறத இல்லன்னு சொல்லுது பாரு” என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “ஃபிரிட்ஜ்ல கண்ணுக்கு முன்னால இருக்க மோரக் காணும்னு நிப்பியளே, உங்ககிட்ட படிச்சதுதான?”

முதல் நோன்பு

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாய் போன் செய்தார். பலகையில் மஃரிப், அதாவது சூரியன் மறைந்ததும் தொழுகிற நேரம், 7.45 என்று சிவப்பாக எரிகிறதாம். ஆறரைக்கு நோன்பு திறக்க வேண்டிய ஊர். “நோன்பு மேலப்பாளையத்துல, தொறக்கது துபாய்லயா வே?” என்று எவரோ பின்னால் கேட்பது எனக்கே கேட்டது.

போய்ச் சேர்ந்தபோது கஞ்சிக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. பாய் பலகையைப் பார்க்கவில்லை, ஆட்களையும் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடிக்கணினியை மாட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது மருமகனின் மாதிரி. துபாயின் அட்சரேகை, தீர்க்கரேகை. நம் ஊர்க் கடிகாரம். கலக்கத்தில் பக்கத்து ஃபோல்டரிலிருந்து எடுத்திருக்கிறேன். கோப்பை மாற்றி, பலகையை அணைத்துப் போட்டேன். 6.31. அப்போது மணி 6.24. பாய் நிமிர்ந்தார்.

6.31 ஆனது. நானும் பாயும் பலகையைப் பார்த்தோம். மற்ற அத்தனை பேரும் பாங்கு சொல்கிற மோதினாரின் வாயைப் பார்த்தார்கள். தொழுகை முடிந்து எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்த மோதினாரிடம் மெதுவாகக் கேட்டேன், போர்டு சரியாகாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காலண்டர் தாளைக் காட்டினார்: “நான் இதப் பாத்துத்தான் சொன்னேன் அண்ணாச்சி. போர்டும் சரியாத்தான் இருக்கு, ஒண்ணும் கவலப்படாதிய.”

அன்றிலிருந்து லிங்கர் கத்தினால் நிம்மதியாகப் படுத்துவிடுகிறேன், ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.