வெளியே போன வாச்சு

மேசைமேல் கிடக்கும் இந்த வாச்சுக்குத் தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன். நர்ஸ் வேலையை விட்டு வெகுகாலமாயிற்று. இந்த வீட்டில் என்னிடம் மணி கேட்கவும் ஆளில்லை. ஆனாலும் அது நின்றுவிடக் கூடாதென்று ஒரு பிடிவாதம்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, வீடுவீடாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். கிழக்கேகோட்டை அக்கிரகாரத்து வீடொன்றில் மருமகளுக்குத் தலைப்பிரசவம். தாயில்லாப் பெண், அதனால் புகுந்த வீட்டிலேயே. தீட்டென்று ஒருவரும் உள்ளே வரவில்லை. பின்கட்டு அறையில் அவளும் நானும் மட்டும்.

நான் உள்ளே போகுமுன் மாமனார் கையை நீட்டினார். "நர்ஸம்மா, உங்க வாச்சைக் கொடுத்துட்டுப் போங்கோ. எங்காத்துக் கடிகாரம் ஓடலை. ஜாதகத்துக்கு நிமிஷம் தப்பப்படாது. பொறந்ததும் கதவைத் தட்டுங்கோ." குழந்தையின் இதயத் துடிப்பை எண்ண அது எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். பெரியவரிடம் மல்லுக்கு நிற்பானேன் என்று கொடுத்துவிட்டேன்.

மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினேன். ஒவ்வொரு வலிக்கும் கருப்பை இறுகும்போது, தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குக் கிடைக்கும் பிராணவாயு குறையும். வலி விட்டதும் சரியாகிவிடும். விட்ட பிறகும் துடிப்பு மந்தமாகவே இருந்து தயங்கித் தயங்கி ஏறினால், உள்ளே அது தவிக்கிறது என்று பொருள். வாச்சு இல்லாததால் என் நாடியைப் பிடித்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டு எண்ணினேன். ஒரு வலிக்குப் பின் குழந்தையின் துடிப்பு குறைந்ததுபோல் பட்டது. பயத்தில் என் நாடிதான் ஓடுகிறது, அதனால்தான் அது மெதுவாகத் தெரிகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்னும் இரண்டு வலி பொறுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் டாக்டரம்மாவுக்கு ஆளனுப்பச் சொன்னேன்.

அவர் வருமுன் பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. சொன்னபடி கதவைத் தட்டினேன். முதுகைத் தேய்த்தேன், வாயில் ஊதினேன். அழவேயில்லை.

மாமனார் வாச்சைத் திருப்பித் தந்தபோது அவருடைய மறுகையில் நேரம் குறித்த காகிதம் இருந்தது. "நிமிஷம் தப்பலை," என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். அறையில் தனியாகப் படுத்திருந்தாள். "நர்ஸம்மா, அவன் சத்தத்தைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். எப்படி இருந்தது?" என்றாள்.

அவள் உள்ளங்கையை விரித்து ஒரு விரலால் தட்டிக் காட்டினேன். முதலில் கேட்ட துடிப்பு, வேகமாக, திடமாக.

"இவ்வளவு வேகமாவா?" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் கேட்டதை நான் தட்டவில்லை. வாச்சைக் கொடுத்ததையும் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் விரல் மேசையைத் தட்டத் தொடங்கிவிடும். வேகமாகத்தான் தொடங்கும். பிறகு தானாகவே மெதுவாகும். விரலை மடக்கிக்கொண்டு வாச்சைக் காதில் வைத்துக்கொள்வேன். அது குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும்.