செவ்வாய்க்கிழமைத் தாள்கள்

சின்னபொண்ணு யாரையும் நம்புவதில்லை. இதை நான் குறையாக எழுதவில்லை. ஆரணியில் பதினான்கு வருடம் குப்பை அள்ளியவர். வாசலில் நின்று பேசுகிறவர்களின் பேச்சும் அவர்கள் வீட்டுக் குப்பையும் ஒத்துப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

2009 ஜூலையில் அவர் நகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியில் சேர்ந்தபோது வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் என் மேசைக்கு வருவார். "வந்தன்னு போட்டியா சார்? காட்டு." காட்டுவேன். நான் ஓய்வு பெறும்வரை ஒரு நாளும் அவர் பார்க்காமல் போனதில்லை.

2023 பிப்ரவரி 21 அன்று, மூடிக்கிடக்கும் ஒரு நெல் மில்லின் பின்சந்தில் குப்பையை வாரும்போது ஓர் ஊசி கையுறையைத் துளைத்து அவருடைய வலது கட்டைவிரலில் ஏறியது. மேஸ்திரியிடம் காட்டினார்.

"முள்ளு குத்தியிருக்கும். ஊசின்னு இன்னா ஆதாரம்?" என்றார் மேஸ்திரி.

ஊசி அதற்குள் வண்டியோடு போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். மே மாதம் முடிவதற்குள் மூன்று முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. ஆனால் அந்த 'ஆதாரம்' என்ற சொல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஜூன் 5 முதல், குப்பையில் கிடைக்கும் ஊசிகளை இடுக்கியால் எடுத்து ஒரு கெட்டியான கேனில் போட்டு மூடினார். அன்றன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எண்ணிக்கையைக் குறித்தார். வட்டம் என்றால் சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி. கோடு என்றால் வேறு வகை. அதைப் பிறகு சொல்கிறேன். உள்ளே ரத்தம் இழுபட்டுக் காய்ந்த ஊசிக்குப் பெருக்கல் குறி.

பெருக்கல் குறி போடும்போதெல்லாம் அவருக்குத் தம்பியின் நினைவு வரும். தாய் இறந்தபின், அவனுடைய பத்து வயதிலிருந்து அவர் வளர்த்த தம்பி. இங்கே அவனை அன்பரசு என்கிறேன். உண்மைப் பெயரை எழுதக் கூடாது என்று நிபந்தனை போட்டு, இந்தப் பெயரைச் சொன்னவரும் அவரே. முப்பத்தொரு வயது. மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. வலிக்கு மாத்திரை. பிறகு அதே மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கூட்டம். அவர்கள் கூடும் இடம் அந்த மில்லின் பின்சந்து. ஒரே ஊசியை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை. வேலூரிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தினர் வந்தார்கள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுத்து, ரத்தம் சோதித்து, கேட்டவர்களுக்குச் சிகிச்சைக்கும் வழிசெய்யும் மையம் ஆரணிக்குத் தேவையா என்று கணக்கெடுக்க வந்தவர்கள். பொறுப்பாளர் அகல்யா என்ற பெண். தெருக்களின் பட்டியல் எனக்குத் தெரியும் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் ஏழு நெசவாளர் தெருக்களின் குப்பைத் தொட்டிகளில் அறுபத்தொரு ஊசிகள் கிடைத்தன. அகல்யாவின் முகம் மாறிவிட்டது. "ஏழு தெருவுல அறுபத்தொண்ணா சார்?" என்றார். நான் மையால் 61 என்று எழுதிவிட்டேன்.

தள்ளுவண்டியோடு வந்த சின்னபொண்ணு ஊசிகளைப் பரப்பியிருந்த தட்டை எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "அய்ய மேடம், இது தறிக்கு எண்ணெய் வுடுற ஊசி. மோந்து பாரு."

தறியின் இரும்பு மூட்டுகளுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டு தவறிப் பட்டில் விழுந்தால் அந்தப் புடவை கெட்டது. அதனால் எண்ணெய்க் கிண்ணிக்குப் பதிலாக ஊசி. பட்டு இழை மாட்டிக்கொள்ளாதபடி முனையைத் தேய்த்து மழுக்கியிருப்பார்கள். இதுதான் அவருடைய 'கோடு'. நெசவாளர் தெருவில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. நான் எண்ணிக்கையைப் பார்த்தேன், ஊசியைப் பார்க்கவில்லை. அவர் பிரித்துக் கொடுத்தார்: எண்ணெய் ஊசி நாற்பத்து நான்கு, இன்சுலின் பதினேழு, வேறு இல்லை. என் 61-ஐ அடித்துத் திருத்தினேன்.

அந்தத் திருத்தம் அவருக்கே வினையாக வந்தது. புதன்கிழமை நெசவாளர் மண்டபத்தில் கூட்டம். பன்னிரண்டு விசைத்தறி வைத்திருக்கும் ஜெயக்குமார் எழுந்தார்.

"கேட்டுக்கினீங்களா? குப்பை வார்றதே சொல்லிட்சு. எல்லாம் எண்ணெய் ஊசி. நம்ம ஊர்ல அந்த மாதிரி ஒண்ணும் கெடையாது. பூஜ்யம்னு எழுதிக்கினு ஜல்தியா பஸ் ஏறுங்க. போதை ஊசி ஊருன்னு பேர் வந்தா முகூர்த்தப் புடவைக்கு எவன் இங்க வருவான்?"

கதவருகே நின்ற சின்னபொண்ணு சொன்னார்: "நான் உங்க தெருவத்தான் சொன்னேன். ஊரச் சொல்லல."

"அப்ப ஊர்ல எங்க கீது? இடத்தச் சொல்லேன்."

அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்தீங்களா? இவங்க போலீசு ஆளுங்களா இன்னான்னு யாருக்குத் தெரியும்? உனக்கு இன்னா தர்றாங்க சின்னபொண்ணு?"

கூட்டம் சிரித்தது. மறுநாள் வேலை முடிந்ததும் அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு போலீசா சார்?"

"இல்லை என்றுதான் நினைக்கிறேன்."

"நெனக்கிறியா, தெரியுமா?"

"தெரியாது."

மடியிலிருந்து ஒரு கட்டுக் காலண்டர் தாளை எடுத்து வைத்தார். கணக்கெடுப்புக்கு முந்தைய ஒன்பது வாரம், வாரத்துக்கு ஆறு வேலை நாள். ஐம்பத்து நான்கு தாள் இருக்க வேண்டும். எண்ணினேன். நாற்பத்தைந்து. இல்லாத ஒன்பதும் செவ்வாய்க்கிழமைகள். எந்தக் கிழமை எந்தச் சந்து என்று முறை போட்டவனே நான்தான். செவ்வாய் என்றால் மில் பின்சந்து. நான் கண்டுகொண்டதை அவரும் கண்டுகொண்டார்.

நாற்பத்தைந்து தாள்களில் பெருக்கல் குறி இருபத்து மூன்றுதான். வெள்ளிக்கிழமை அகல்யா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதை வெச்சு மையம் கேக்க முடியாதுக்கா. இங்க தேவையே இல்லன்னு சொல்லிடுவாங்க."

சின்னபொண்ணு அவரையே உற்றுப் பார்த்தார். "நீ எழுதற பேப்பர் எங்க போவும்?"

"வேலூர் ஆபீசுக்கு."

"அங்கேர்ந்து?"

"சென்னைக்கு."

"அங்கேர்ந்து?"

அகல்யா பேனாவை மூடினார். "அதுக்கு மேல எனக்குத் தெரியலக்கா. பேரும் இடமும் நான் எழுத மாட்டேன். அத மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

"தெரியலன்னு சொன்ன மொத ஆபீஸ் ஆளு நீதான்" என்றார் சின்னபொண்ணு. பிறகு போய்விட்டார்.

சனிக்கிழமை ஒன்பது தாள்களோடு வந்தார். ஒவ்வொன்றிலும் தேதியும் கிழமையும் இருந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார். பின்பக்கம் முழுக்கப் பெருக்கல் குறிகள்: நூற்று நாற்பத்தெட்டு.

"தேதி இல்லாம எழுதிக்கோ சார்."

தேதி இல்லாத தாளை நான் என் பணிக்காலத்தில் ஒருமுறைகூட ஏற்றதில்லை. அன்று ஏற்றேன். நாள்வாரியாக எழுதியிருந்த பக்கத்தை விலக்கிவிட்டு, ஒன்பது வாரத்துக்கும் சேர்த்து ஒரே தொகை போட்டேன்: நூற்று எழுபத்தொன்று. எந்தச் சந்து என்று அதைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. எழுதியதை அவர் விரல் வைத்துப் படித்தார். வெட்டிய ஒன்பது தாள்களையும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 23, வியாழக்கிழமை மையம் திறந்தது. ஒரு சிறிய அறை. வியாழன்தோறும் மதியம் இரண்டு மணி முதல் ஐந்து வரை. பெயருக்குப் பதில் எண் போட்ட அட்டை. முதல் நான்கு வியாழனும் சின்னபொண்ணு எதிரிலிருந்த டீக்கடையில் நின்று போகிற வருகிற வண்டியெல்லாம் பார்த்தார். மூலையில் நின்ற ஒரு பைக்கின் எண்ணைக்கூட உள்ளங்கையில் எழுதி வந்து, "இது யாருதுன்னு பாரு சார்" என்றார். அது பக்கத்துச் செருப்புக்கடைக்காரருடையது.

ஐந்தாவது வியாழன், டிசம்பர் 21. நானும் அங்கே இருந்தேன். சின்னபொண்ணுவுக்குப் பத்தடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அன்பரசு வந்தான்.

"யக்கா, பேஜார் பண்ணாத. நீ வூட்டுக்குப் போ."

"நீ உள்ள போ. ஜீப்பு வர்தான்னு நான் பாத்துகினு இருக்கறேன்."

அரைமணி நேரம் கழித்து அவன் ஓர் உறையோடு வெளியே வந்தான். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது, ரத்தம் கொடுத்திருக்கிறான். சின்னபொண்ணு உறையைப் பிடுங்கி, ஒவ்வோர் ஊசியின் சீலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "பிரிக்கல" என்று திருப்பிக் கொடுத்தார்.

டிசம்பர் 26, செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றார். ஒரு காலண்டர் தாளை நீட்டினார். தேதி வெட்டப்படாமல் இருந்தது. பின்பக்கம் ஒன்பது பெருக்கல் குறிகள். முன்பெல்லாம் ஒரு செவ்வாய்க்குப் பதினாறுக்குக் குறையாது.

கணக்கு நோட்டில் எழுதும்போது நான் தேதியையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"அதுக்குன்னு நம்பிட்டேன்னு நெனச்சிக்காத சார்" என்றார். "எழுதிட்டியா? காட்டு."