மீன் எண்ணெய் ரொட்டி

1958 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தே முக்காலுக்கு அப்பா எழுந்து குழாயில் தண்ணீர் பிடித்தார். ஆறேகாலுக்கு ரொட்டிக்காரர் வாசலில் சைக்கிள் மணி அடித்தார். வழக்கம்போல் இரண்டு நீள ரொட்டி வாங்கினேன். ஒன்று தம்பிக்கு, இன்னொன்று மற்ற மூன்று பேருக்கும். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

தம்பி பேசமாட்டான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். சோறு, இட்லி, மீன் எதையும் தொடமாட்டான். ரொட்டியும் பாலும் மட்டுந்தான். ரொட்டியையும் என் கையிலிருந்துதான் வாங்குவான். வாங்கியதும் காதோரம் வைத்து அழுத்துவான். மேல்தோல் நொறுங்கும் சத்தம் கேட்டால் சிரிப்பான், பிறகுதான் தின்பான். இப்போது அதற்கு ஆட்டிசம் என்று பெயர் இருக்கிறது. எங்கள் தெருவில் அன்று பிடிவாதம் என்றார்கள்.

அன்று காலை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கையில் மீன் எண்ணெய் பாட்டில்.

"வெறும் ரொட்டியே தின்னா ஒடம்புல எப்படிக்கா சத்து ஏறும்? இது உள்ள போவட்டும். ஒரே மாசம், உன்னை அம்மான்னு கூப்புடுவான் பாரு."

"மொதல்ல நீ ஒரு கரண்டி குடிச்சிக் காட்டுடா."

மாமா குடித்தார். உடனே கொல்லைப் பக்கம் போனவர் திரும்பி வரக் கொஞ்ச நேரமானது. ஆனாலும் அம்மா பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமாயிருந்தது.

கரண்டியைக் கண்டதும் தம்பி வாயை இறுக மூடிக்கொண்டான். மாமா விடவில்லை. ரொட்டியைக் கீறி, உள்ளே எண்ணெயை ஊற்றி, அழுத்தி மூடி என்னிடம் தந்தார்.

"நீ குடுத்தா வாங்கிப்பான். போ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பி வாங்கிக் காதில் வைத்து அழுத்தினான். ஊறிப்போன ரொட்டியில் சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினான். மெல்லக் கீழே வைத்துவிட்டு என் கையைத் தள்ளினான். பிறகு நல்ல ரொட்டியை நீட்டியபோதும் தள்ளினான். பாலையும் தொடவில்லை. மதியம் பட்டினி, இரவும் பட்டினி. அவன் அழாமல் இருந்ததுதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

"பேசவே வேணாம்டா. தின்னாப் போதும்" என்று அடுப்படியில் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

என்மீது அவனுக்கு என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. நானும் அவனோடு காய் விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரொட்டி சுடும் இடத்துக்கே நடந்தாள். நானும் பின்னால் போனேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டிகள் பலகைமேல் தாமாகவே பட்பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தன. தம்பி எட்டி ஒன்றை எடுத்தான். காதில் வைத்து அழுத்தினான். சிரித்தான். ஒரு கடி கடித்தான். பிறகு, வாய் நிறைய ரொட்டியோடு, அதை அம்மாவின் காதில் வைத்து அழுத்தினான்.

அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சூடு பட்டுவிட்டதென்று நினைத்து, நான் எக்கி நின்று அவள் காதை ஊதினேன்.