பிளேட்லெட்டுக்கு மேலே இருந்த வரி

கொக்குவில் பொன்மலர் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவர். திருநெல்வேலியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறார். மருத்துவபீட மாணவர்களின் குறிப்புகளைப் பிரதியெடுக்கையில், இயந்திரம் தாள்களைத் தள்ளும் இடைவெளியில் இரண்டு பந்திகளாவது வாசித்துவிடுவார். விளங்காத சொல்லை அன்றே அகராதியில் தேடுவார்.

அவருடைய ஐந்து வயது மகள் ஜெயனிக்கு நவம்பர் மழையோடு காய்ச்சல் தொடங்கியது. மாரியில் காய்ச்சல் என்றால் எவருக்கும் டெங்குப் பயம்தான். பஸ் கொண்டக்டர்கூட, "பிளேட்லெட் எவ்வளவாம்?" என்றுதான் கேட்டார். தனியார் சிகிச்சை நிலைய மருத்துவரும் இரத்தப் பரிசோதனைத் தாளில் அந்த ஒரு வரியையே பார்த்தார். இரண்டு இலட்சத்து முப்பதாயிரம்; டெங்கு என்றால் அது இறங்கியிருக்கும். "டெங்கு இல்லை" என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். டிசம்பரில் மறுபடி காய்ச்சல். மறுபடி அதே கையொப்பம்.

ஜனவரியில் பிள்ளையின் வாய்க்குள் புண்கள் வந்தன. முகம் வெளிறியது. மூன்றாவது தாள் கைக்கு வந்த அன்று பொன்மலர் மூன்றையும் திகதி வரிசையில் மேசையில் பரப்பினார். வெள்ளை அணுக்களின் மொத்தத் தொகை மூன்றிலும் சரியான அளவுக்குள் இருந்தது. ஆனால், மொத்தத்தை மட்டும் நம்பக்கூடாது, கிருமிகளை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்களின் நூற்றுவீதத்தால் அதைப் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவியின் குறிப்பில் வாசித்திருந்தார். அந்த நூற்றுவீதம் பிளேட்லெட்டுக்கு மேலே இருந்த வரியில் கிடந்தது. பெருக்கினார். நவம்பரில் 1584. டிசம்பரில் 896. இப்போது 472. ஐந்நூறுக்குக் கீழே கடும் ஆபத்து என்றது குறிப்பு. கணக்குப் பிழைத்திருக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டே மறுபடி பெருக்கினார். பிழைக்கவில்லை.

பொன்மலர் அந்தக் கணக்கோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனபோது, சிகிச்சை நிலைய மருத்துவர் சிரித்தார். "கொப்பி அடிக்கிற ஆக்கள் எல்லாரும் டொக்டர் எண்டால், நாங்கள் கடையைப் பூட்டவேண்டியதுதான்."

"நான் டொக்டர் இல்லை, ஐயா. பெருக்கிப் பாத்தனான், அவ்வளவுதான். நீங்களும் ஒருக்காப் பெருக்கிப் பாருங்கோ."

"வைரஸ் காய்ச்சலுக்கு உது குறையிறதுதான். பிளேட்லெட் நல்லாயிருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"மூண்டு மாசமாக் குறையுமோ, ஐயா?"

அவர் மூன்றாவது தாளிலும் கையொப்பமிட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பொன்மலர் வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்தே ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். சிறுவர் நோயாளர் விடுதியின் பெண் மருத்துவர் மூன்று தாள்களையும் நின்றபடியே வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடி வாசித்தார். பிள்ளையின் கழுத்தையும் வயிற்றையும் தடவிப் பார்த்தார்.

"எலும்பு மச்சையை ஊசியாலை எடுத்துப் பாக்கவேணும், அம்மா. இரத்தப் புற்றுநோயாயும் இருக்கலாம். இவ்வளவு நாளும் ஏன் கொண்டரேல்லை?"

அதற்கான பதில் அந்த மருத்துவருக்கு முன்னால், மேசையிலேயே, மூன்று கையொப்பங்களோடு கிடந்தது. 

தாதி ஜெயனியைத் தனியறைக் கட்டிலில் கிடத்தினார். "அம்மா!" என்று பிள்ளை கையை நீட்டியது. பொன்மலர் ஓடினார். தாதி குறுக்கே வந்தார்.

"நில்லுங்கோ அம்மா! தொடாதேங்கோ. முதல்லை கையைக் கழுவுங்கோ. சின்னக் கிருமியும் இவவுக்கு இப்ப ஆகாது."

பொன்மலர் குழாயடியில் நின்று சவர்க்காரம் போட்டுக் கழுவினார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. உள்ளே பிள்ளையின் அழுகை உயர்ந்தது. கை சுத்தமாகிவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடியும் சவர்க்காரத்தை எடுத்தார்.