ஆட்டுக்குட்டிகளை மறைத்த முளைப்பாரி

எங்கள் மாடியில் பக்கத்து வீடு எவ்லினுடையது. இங்கே கெலுகோரிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி சிம்பாங் அம்பாட் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவள். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். இவள் படம் வரைவாள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாளுக்கு ஒன்று. நன்றாக வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. முதன்முதலில் வரைந்த ஆட்டைப் பார்த்து, “என்னடி, நாய்க்குக் கொம்பு முளைச்சிருக்கு?” என்றேன். “அதனாலதான் பாட்டி, நாளைக்கும் வரையணும்,” என்றாள். கோபமே வராது அவளுக்கு. எனக்குத்தான் வரும்.

போன வருடம் அவளுக்கு ஓர் ஆசை. அவர்கள் மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருடா வருடம் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் ஆடுகளைத்தான் எடுத்து வைப்பார்கள். இந்தத் தடவை ஆடுகளைத் தன் கையால் செய்து வைக்கட்டுமா என்று கேட்டாள். குடில் வேலையைக் கவனிக்கும் டெரிக், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ சேர்க்கிறவர், “செய் லா. ஆனா இருபத்து மூணாந்தேதி அஞ்சு மணிக்கு வந்து பார்ப்பேன். சரியில்லன்னா பிளாஸ்டிக்தான்,” என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிக் புலா ஆட்டுப் பண்ணைக்குப் போய் ஆடுகளை முன்னால், பின்னால், படுத்தபடி என்று வரைந்து வந்தாள். படம் மனதுக்குப் பிடித்த பிறகுதான் பொம்மையைத் தொடுவாள். கம்பியை வளைத்து, ஊறவைத்த செய்தித்தாளைக் கஞ்சியில் பிசைந்து அதன்மேல் அப்பினாள். பன்னிரண்டு குட்டிகள். முட்டை அட்டையைக் கிழித்துப் பாறை செய்தாள்.

“புல்லுக்கு என்ன பாட்டி பண்றது?”

“பயறு போடு. நான் போடாத முளைப்பாரியா? மூடி இருட்டுல வை. ஒன்பது நாள்.”

சொன்னபடியே செய்தாள். இருபத்து மூன்றாம் தேதி நாலு மணிக்குப் பயறுத் தட்டுகளைக் குடிலில் இறக்கி, மூடியிருந்த சாக்கை எடுத்து, ஆடுகளை நடுவே நிறுத்தினோம். ஒரு முழம் உயரத்துக்கு வெளிர் மஞ்சளாய்ப் பயிர்! ஆடு ஒன்றைக்கூடக் காணோம். முளைப்பாரிக்கு உயரம்தான் பெருமை. அம்மனுக்குக் குட்டையாக எடுத்துப் போனால் ஊரே சிரிக்கும். குடிலுக்குக் குட்டைப் புல் வேண்டும் என்று என்னிடம் யார் சொன்னார்கள்?

எவ்லின் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, ஓர் அட்டைத் துண்டில் குடிலை வரைந்தாள். வரைந்தால்தான் அவளுக்கு மூளை ஓடும். நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்தாள்.

“கத்தரிக்கோல் இருக்கா பாட்டி?”

அந்தக் கோட்டின் வழியே பயிரை ஒட்ட நறுக்கினாள். ஆடுகள் மேய்ந்துகொண்டே பாதை போட்டு வந்ததுபோல ஆகிவிட்டது. நறுக்கிய தண்டுகளை ஒவ்வொரு குட்டியின் வாயிலும் கஞ்சி தடவி ஒட்டினாள். சிலவற்றைப் பயிருக்குள்ளேயே விட்டாள். காது மட்டும் தெரிந்தது.

ஐந்து மணிக்கு டெரிக் வந்தார். பிளாஸ்டிக் பெட்டி கையோடு. குனிந்து பார்த்தார்.

“ஏழு ஆடுதானா?”

“பன்னெண்டு. தேடுங்க அண்ணே.”

தொந்தியைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டார். “எட்டு... ஒன்பது... இங்க ஒண்ணு படுத்திருக்கு பாரேன்!” பதினொன்றில் நின்றுவிட்டார். கால் மணி நேரம் எழவில்லை. கடைசியில் சூசையப்பர் சிலைக்குப் பின்னால் ஒரு வாலைக் கண்டுபிடித்துக் கத்தினார்.

எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“இது ஸ்டோர்லயே இருக்கட்டும் லா. ஆனா அந்தப் பன்னெண்டாவது எங்கன்னு ஃபாதர்கிட்ட சொல்லாதீங்க. அவரும் முட்டி போட்டுத் தேடட்டும்.”