சொத்தைப் பல் சொன்ன சாட்சி

என் கணவர் திருமழிசையில் ஒரு தொழிற்கூடத்தில் இரும்பு வார்ப்புகளைச் சோதிப்பவர். மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று அங்கே பெயர். டிவி முன்னால் அவர் கொட்டாவி விட்டபோது, கடைவாய்ப்பல்லில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பதை நான் பார்த்தேன். சொன்னேன். பல் வெள்ளையாகத்தானே இருக்கும் என்றார்.

சில மாதங்களில் புள்ளி பழுப்பானது. அதற்கு டீயைக் காரணம் சொன்னார். பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்றது.

"ஃப்ரிட்ஜுல இன்னாமோ கோளாறு கீது" என்று அதன் குளிரைக் குறைத்து வைத்தார். பால் திரிந்தது. மெக்கானிக் வந்து, பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இனிப்பு கூசியபோது என் கணவர் மிட்டாய்க் கடையை மாற்றினார். கறி நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டபோது கறிக்கடையை மாற்றினார். நாங்கள் குடியிருக்கும் கோவில்பதாகையில் மாற்றுவதற்கு வேறு கடை இல்லாமல் போனதும், ஒரே பக்கமாக மெல்லப் பழகிக்கொண்டார்.

அவர் எங்கள் சபையில் பாடகர் குழுவில் இருக்கிறார். அந்தக் கோடையில் குழுவின் தலைக்கு நேர் மேலே புது ஏசி மாட்டினார்கள். பாட்டுக்காக மூச்சை இழுக்கும்போதெல்லாம் குளிர்காற்று பல்லில் இறங்கும். அவர் கண்ணில் நீர் வழியும். செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம் நடத்தும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆவியானவர் அண்ணனைத் தொட்டுவிட்டார் என்றார். சபை முழுக்க அதே பேச்சு.

வீட்டில் கேட்டேன். "அவங்களா நென்ச்சிகினாங்க. நான் ஒண்ணியும் சொல்லலியே" என்றார். அடுத்த வாரம் ஏசிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றார்.

அதன் பலனாக, அண்ணனூரில் இருக்கும் அந்த அக்காவின் வீட்டு ஜெபக்கூட்டத்தில், ஆவியானவர் தொட்டதைப் பற்றிச் சாட்சி சொல்ல அவருக்கு அழைப்பு வந்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். போனதும் ஐஸ் மிதக்கும் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. ஒரு மடக்கு குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்தபடி அப்படியே முழங்காலில் சரிந்தார். கண்ணீர் கொட்டியது. அறையில் இருந்த அத்தனை பேரும் முழங்காலிட்டுச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் தேம்பினார்கள். அந்த இரைச்சலுக்குள் அவர் என் முந்தானையை இழுத்தார்.

"டாக்டராண்ட இட்டுகினு போ" என்றார். பல் விஷயத்தில் அவர் சொன்ன முதல் உண்மையான சாட்சி அதுதான்.

பல் மருத்துவர் இளம்பெண். விளக்கை அடித்துப் பார்த்தார், படமும் எடுத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "வெள்ளையா இருந்தப்பவே வந்திருந்தா, மருந்து பூசி அனுப்பியிருப்பேன். பழுப்பானப்ப வந்திருந்தாக்கூட சின்னதா அடைச்சிருக்கலாம். இப்ப நரம்பு வரைக்கும் போயிடுச்சு, ரூட் கேனால்தான் பண்ணணும்."

முன்கூட்டி ஓர் அறிகுறியும் தெரியவில்லை, எல்லாம் திடீரென்று வந்தது என்றார் என் கணவர். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காய்ந்த கண்களோடு, சுருதி சுத்தமாகப் பாடினார். ஆராதனை முடிந்ததும் அக்கா கவலையோடு வந்தார். அண்ணனின் விசுவாசத்துக்கு ஏதாவது சோதனையா என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. சொத்தைப் பல், இப்போது சரியாகிவிட்டது என்றேன்.

அக்காவின் முகம் சிறுத்துப்போனது. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். ஆனால் செருப்பு விடும் இடத்துக்கு என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"எனக்கும் இந்தப் பக்கம் கொஞ்ச நாளா ஜில்லுனு எது குடிச்சாலும் கூசுதும்மா. அந்த டாக்டர் எங்க உக்கார்றாங்க?"

அன்று சாயங்காலமே கூட்டிப்போனேன். சின்ன அடைப்போடு முடிந்தது.