சுவருக்கு அந்தப் பக்கம்

கையுறைக் கடையில் வேலை பார்த்த வெர்னாவும் அவள் கணவன் ஆல்டனும் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் வருஷக்கணக்காக ஒரே சண்டையைப் போட்டுவந்தார்கள். கூண்டைச் சாத்தாமல் கேனரிக் குருவியைப் பறக்கவிட்டது யார்?

பக்கத்து வீட்டு நாடகாசிரியன் ரீஸ் ஒருநாள் தன் நாடகத்துக்கு இலவச டிக்கெட் கொடுத்தான். புது நாடகம் என்றால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அரங்கை நிரப்புவது அங்கே வழக்கம்தான்.

"நீங்க வரலையா?"

"அடுத்ததை எழுதணும்மா. நீங்க ரெண்டு பேரும் அவசியம் போங்க."

எவ்வளவு நல்ல பையன் என்று வெர்னா வாங்கிக்கொண்டாள்.

மேடையில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, நடுவில் காலிக் கூண்டு.

"மகாராணிக்குக் கூண்டைச் சாத்தக்கூடவா கை வலிச்சுது?" என்றான் நடிகன். அது ஆல்டன் தினமும் கேட்பது. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. வெர்னாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போகலாமென்றால், வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆல்டன் கத்தினான்: "எல்லாம் உன் வாயாலதான்! ஊருக்கே கேக்குற மாதிரியா பேசுவே?"

"நானா? நீ ஒரு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அடுத்த வார்த்தையை மேடையில் அந்த நடிகை சொல்லிவிட்டிருந்தாள். வேறொன்றைத் தேடினாள், அதையும் சொல்லியாயிற்று. திட்டுவதற்குச் சொந்தமாக ஒரு சொல் மிச்சமில்லை. ஆல்டனும் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

இருவரும் காலிக் கூண்டையே பார்த்தபடி நின்றார்கள். அந்த வீட்டில் அப்படியோர் அமைதி இருந்ததே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் டைப்ரைட்டர் தட்டத் தொடங்கியது.